காதுப் பஞ்சு

திருத்தணியில் குதிரை வைத்திருப்பவனிடம் ஊர் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். கடிக்குமா? கல்யாணத்துக்கு வருமா? இந்தக் காலத்தில் குதிரையை வைத்து யுத்தம் நடக்குமா என்று உதயாவிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவனே வாய்விட்டுச் சிரித்திருப்பான். ஏவுகணை பறக்கிற காலத்தில் குதிரை ஏறிச் சண்டைக்குப் போகிறவர் ஊர் எல்லையில் நிற்கும் ஐயனார் ஒருவர்தான் என்று சொல்லியிருப்பான். அவனுக்குத் தெரியாது, நமக்கும்தான் தெரியாது. டிவியில் யுத்தம் என்றால் வானத்தில் பறக்கும் நெருப்பைக் காட்டுகிறார்கள். அந்த நெருப்புக்கு அடியில், முழங்கால் சேற்றில், குதிரைகள் ஓடிச் சாவதை எவன் காட்டினான்?

மைனா என்ற அந்த வெள்ளைக் குதிரை உண்மையில் உதயாவுடையது அல்ல, அவன் அக்கா பிரபாவதியின் புருஷன் குணசேகரனுடையது. ஆந்திரா எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருப்பதால் எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனைப் பாவா என்போம். பாவா கடிவாளத்தைப் பிடித்து முன்னால் நடப்பார், உதயா பக்கவாட்டில் மாப்பிள்ளையின் காலைத் தாங்கிக்கொண்டு நடப்பான். கல்யாணம் இல்லாத நாட்களில் இரண்டு பேரும் கரும்பு வெட்டப் போவார்கள். சண்டை போடுவார்கள், ஒரே தட்டில் பிரியாணி தின்பார்கள்.

மாப்பிள்ளை அழைப்பு என்றால் எங்கள் ஊரில் சரவெடி இல்லாமல் நடக்காது. வெடிச் சத்தத்துக்குக் குதிரை மிரண்டால் மாப்பிள்ளை மணவறைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போவான். அதற்கு ஒரு கைவேலை உண்டு. அம்மையார்குப்பத்துத் தறிக்கூடத்தில் கழித்துப்போடும் பஞ்சை வாங்கிவந்து, வேப்பெண்ணெய் தொட்டு, எலுமிச்சை அளவுக்கு உருட்டி, குதிரையின் இரண்டு காதிலும் அடைப்பார்கள். பிறகு பக்கத்தில் அணுகுண்டே போட்டாலும் குதிரை தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். அந்த உருண்டையைப் பிரபாவதி உருட்டினால்தான் சரியாக நிற்கும். மற்றவர்கள் உருட்டியது பாதி வழியில் விழுந்துவிடும்.

"உங்க அக்கா உருட்டுற உருட்டுக்கு குதிரையே அடங்குது, நான் எம்மாத்திரம்டா மச்சான்?" என்பார் பாவா, அவள் காதில் விழும்படியாக.

"ஆங், இங்க வா, உன் காதுலயும் அடைக்கிறேன். அப்பறமாச்சும் நான் சொல்றது கேக்குதா பாக்கலாம்" என்பாள் அவள்.

பாவாவுக்கு இரண்டாவது குதிரையும் ஒரு சாரட்டு வண்டியும் வாங்க ஆசை. அந்த ஆசையை எப்படியோ மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தான் ஜெயப்பிரகாஷ் என்ற ஏஜென்டு. வெளிநாட்டில் பெரிய குதிரைப் பண்ணை, தீனி போடுவதும் தேய்த்துக் குளிப்பாட்டுவதும்தான் வேலை, கை நிறையச் சம்பளம் என்றான். அந்த நாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொல்லி அதற்கு ஒரு மரியாதை வேறா?

பிரபாவதி முதலில் முடியாது என்றாள். மூன்று நாள் சோறாக்கவில்லை. பிறகு ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒண்டியா அனுப்ப மாட்டேன். உதயா, நீயும் கூட போ. உங்க பாவாவ எப்படி இட்டுகினு போறியோ அப்படியே முழுசா இட்டுகினு வரணும். அந்த மலை மேல இருக்கறவன் மேல சத்தியம் பண்ணு."

உதயா மலைப்பக்கம் திரும்பிக் கையடித்துச் சத்தியம் செய்தான். கிளம்பும்போது அவள் இரண்டு பைகள் கட்டிக் கொடுத்தாள். ஒன்றில் ஊறுகாயும் விபூதியும். இன்னொன்றில் வேப்பெண்ணெய் தோய்த்து உருட்டிய பஞ்சு.

"பண்ணையில எவன்கா வெடி போடப்போறான்?" என்று சிரித்தான் உதயா.

"எந்த ஊரு குதிரையா இருந்தா இன்னாடா, காது காதுதானே. எடுத்துகினு போ" என்றாள்.

பண்ணை என்று எதுவும் இல்லை. விமான நிலையத்தில் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கினார்கள். புரியாத எழுத்தில் இருந்த தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மூன்றாம் நாள் தலையை மழித்துப் பச்சை உடுப்பு மாட்டிவிட்டார்கள். அந்த முகாமில் பாதிப்பேர் சிறையிலிருந்து கூட்டிவந்த உள்ளூர்க் கைதிகள், மீதிப்பேர் இவர்களைப் போல ஏஜென்டை நம்பி வந்த வெளிநாட்டுக்காரர்கள். ஒரு நேபாளிக்கு இந்தியும் அந்த ஊர் பாஷையும் தெரியும். பாவாவுக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். அப்படித்தான் உத்தரவு இவர்கள் காதுக்கு வந்து சேர்ந்தது.

எதற்குக் குதிரை என்று பாவா கேட்டார். நேபாளி தளபதியிடம் கேட்டுச் சொன்னான். டாங்கி போனால் வானத்தில் சுற்றும் ட்ரோன் முதலில் அதைத்தான் அடிக்கிறது. லாரி போனால் லாரி எரிகிறது. மோட்டார் சைக்கிள் சேற்றில் மாட்டிக்கொள்கிறது. குதிரை சேற்றில் ஓடும், டீசல் கேட்காது, செத்தால் சமைத்துக்கொள்ளலாம். முன்வரிசையில் கிடப்பவர்களுக்குக் குண்டும் ரொட்டியும் தூக்கிக்கொண்டு ஓடுவதும், அவர்களோடு சேர்ந்து எதிரியின் பதுங்குகுழியில் பாய்வதும்தான் வேலை.

"குதிரைய சமைப்பானாமா?" என்று உதயா கேட்டான்.

"அத்த வுடு. நம்மள சமைக்காம இருந்தா சரி" என்றார் பாவா.

பாவாவுக்கு ஒரு செம்பட்டைப் பெட்டைக் குதிரை கிடைத்தது. முதல் நாளே அவர் தோளைக் கடித்தது. "அப்படியே உங்க அக்காதான்" என்று அதற்குப் பிரபா என்றே பெயர் வைத்தார். ஊருக்குப் போனதும் இதைச் சொல்லி அடி வாங்க வேண்டும் என்பது அவருடைய திட்டம்.

பழக்கும் மைதானத்தில் குதிரைகளை வரிசையாகக் கட்டிவைத்துப் பக்கத்தில் குண்டு வெடித்தார்கள். முதல் வெடிக்கே ஒரு சாம்பல் குதிரை முள்கம்பியில் பாய்ந்து மார்பு கிழிந்து தொங்கியது. தளபதி நடந்துபோய் அதன் நெற்றியில் சுட்டுவிட்டு வந்தான். இரண்டாவது வெடிக்குப் பிரபா பின்னங்காலில் எழுந்து ஒரு கைதியின் தாடையை உதைத்து உடைத்தது. அவன் பற்களைச் சேற்றில் துப்பிக்கொண்டு கிடந்தான். தளபதி துப்பாக்கியைப் பிரபாவின் பக்கம் திருப்பினான். குதிரை இல்லாதவர்களைக் கால்நடையாக முன்னால் அனுப்புவார்கள், அவர்களில் ஒருவன்கூடத் திரும்பிவந்ததில்லை என்று நேபாளி முந்தின நாள்தான் சொல்லியிருந்தான்.

உதயா குறுக்கே ஓடினான். "சார், சார், ஒரு நிமிசம்!" என்று தமிழிலேயே கத்தினான். கூடாரத்துக்கு ஓடிப் பையிலிருந்து பஞ்சு உருண்டைகளை எடுத்துவந்தான். பாவா குதிரையின் மூக்கை அமுக்கிப் பிடிக்க, இவன் இரண்டு காதிலும் அடைத்தான். மூன்றாவது வெடி வெடித்தது. மண் எழும்பிக் குதிரையின் முதுகில் விழுந்தது. பிரபா வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

தளபதி துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு உதயாவின் முதுகில் ஓங்கித் தட்டினான். அன்றைக்கு அவர்களுக்கு இறைச்சி கொடுத்தார்கள். எந்த இறைச்சி என்று இருவரும் கேட்கவில்லை.

"பாத்தியாடா? உங்க அக்கா அங்க உக்காந்துகினே நம்ம உசுர காப்பாத்திட்டா" என்றார் பாவா. கண் கலங்கியிருந்தது. புகை பட்டது என்றார்.

ஒரு விடியலில் நான்கு குதிரைகள் கிளம்பின. அறுத்துப்போட்ட சூரியகாந்தி வயல், தாளெல்லாம் அழுகி நாறியது. வயல் முழுக்க முந்தைய வாரம் செத்தவர்கள் கிடந்தார்கள். ஒருவன் உட்கார்ந்தபடியே செத்திருந்தான், முகம் இல்லை. குதிரைகள் பிணங்களை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போயின. முன்னால் இரண்டு கைதிகள், பின்னால் பாவாவும் உதயாவும். பாவாவின் குதிரைக்கும் உதயாவின் குதிரைக்கும் காதில் பஞ்சு. கைதிகளுக்கும் உதயா பஞ்சு நீட்டினான், அவர்கள் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்கள். கொழுப்பு என்று நினைத்துக்கொண்டான்.

பாதி வயலில் முன்னால் போன இரண்டு குதிரைகளும் சட்டென்று நின்றன. நான்கு காதுகளும் ஒரே நேரத்தில் வானத்தின் இடது மூலைக்குத் திரும்பின. வானத்தில் ஒன்றும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. ஆனால் கைதிகள் குதிரையை விட்டுவிட்டு, மூட்டையை விட்டுவிட்டு, பக்கத்து வாய்க்காலில் தலைகுப்புற விழுந்தார்கள்.

உதயா சிரித்தான். அதுதான் கொடுமை, சிரித்தான். "பயந்தாங்கொள்ளிங்க பாவா! நம்ம ரெண்டும் பாருங்க, எப்படி போவுது!" என்றான். அவனுடைய குதிரையும் பிரபாவும் தலையை ஆட்டிக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலத்தில் போவது போலவே போய்க்கொண்டிருந்தன.

அந்த ரீங்காரம் மனிதக் காதுக்கு எட்டியபோது நேரம் முடிந்துவிட்டது. கறுப்பாக ஒன்று சரிந்து வந்து பிரபாவின் விலாவில் மோதி வெடித்தது.

உதயா பறந்துபோய் விழுந்தான். இடது காதில் கம்பியைச் செருகியது போல ஒரு வலி, அதோடு அந்தப் பக்கத்து உலகம் அணைந்துபோனது. எழுந்து பார்த்தால் அவனுடைய குதிரை கீழ்த்தாடை இல்லாமல் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. பிரபா குடல் சரிந்து கிடந்தது, முன்னங்கால்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அதன் அடியில் பாவா. இடுப்புக்குக் கீழே குதிரை அழுத்திக்கொண்டிருந்தது. வயிற்றிலிருந்து ரத்தம் கொப்பளித்தது, எது குதிரையுடையது, எது அவருடையது என்று தெரியவில்லை.

உதயா அவருடைய அக்குளில் கைகொடுத்து இழுத்தான். பாவா அலறினார். சதை கிழியும் சத்தம் அவனுடைய வலது காதில் கேட்டது. மறுபடியும் இழுத்தான். குதிரை அசையவில்லை. பிரபாவின் தலை பாவாவின் தோளுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. வெடியில் ஒரு காது பிய்ந்திருந்தது. இன்னொரு காதில் பஞ்சு அப்படியே இருந்தது, ரத்தத்தில் ஊறிச் சிவந்து. அக்கா உருட்டியதாயிற்றே, விழுமா?

பாவா அதைப் பார்த்தார். பிறகு வாய்க்காலில் கிடந்த கைதிகளைப் பார்த்தார். சேதாரம் ஒன்றும் இல்லாமல் தூரத்தில் நின்ற அவர்களுடைய குதிரைகளைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் குதிரையோடு நடந்தவர், அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"டேய்... அதுக்கு கேக்கலடா" என்றார்.

உதயா வாயில் அடித்துக்கொண்டு அழுதான். "நான்தான் பாவா, நான்தான்..."

"சும்மா இரு. அக்காவுக்கு தெரியக்கூடாது. அவ உருட்டினது... அவ தாங்க மாட்டா. சொல்லாத. அவ மேல சத்தியம் பண்ணு."

உதயா அவர் கையில் கையடித்துச் சத்தியம் செய்தான். வானத்தில் இரண்டாவது ரீங்காரம் கேட்டது. பாவா ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளி உதயாவின் முகத்தில் எறிந்தார். "போடா! ரெண்டு பேரையும் தொலைச்சிட்டு அவ நிக்கணுமா? போடா நாயே!"

உதயா ஓடினான். வாய்க்காலில் விழுந்து திரும்பிப் பார்த்தான். இந்த ட்ரோனுக்கு அவசரம் இல்லை. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவன் போலக் குனிந்து குனிந்து பார்த்தது. பாவாவின் தலைக்கு மேலே வந்து நின்றது. பாவா அதைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிச் செத்துப்போன குதிரையின் கழுத்தில் புதைத்துக்கொண்டார். பிறகு அங்கே பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் உதயாவின் சீழ் பிடித்த காதில் பஞ்சு வைத்தாள். அவன் அதைப் பிடுங்கியெறிந்து அவள் கையைக் கடித்துவிட்டான். கட்டிலோடு கட்டிப்போட்டார்கள். பிறகு தூதரகம் தலையிட்டது, எப்படியோ ஊர் வந்து சேர்ந்தான். பாவாவின் உடம்பு வரவில்லை. அவர் செத்ததற்கு ஒரு காகிதம் வந்தது. ஜெயப்பிரகாஷ் போனை மாற்றிவிட்டான்.

பிரபாவதி அவனை இரண்டு கேள்விகள்தான் கேட்டாள். "எப்படிடா போனாரு?"

"குண்டு வுழுந்துச்சிக்கா."

"வலிச்சிதா?"

"இல்லக்கா. ஒரு செகண்டு."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. முழுசாகக் கூட்டிவருவேன் என்று செய்த சத்தியத்தை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. திட்டியிருந்தால் உதயா பிழைத்திருப்பான். அவளோ அவனுடைய கேட்கிற காதுப்பக்கமாக வந்து உட்கார்ந்து சோறு போட்டாள். ஒவ்வொரு கவளத்துக்கும் அவனுக்குள் ஒரு வாய் திறந்து சொல்லிவிடு, சொல்லிவிடு என்றது. ஒரு சத்தியத்தை ஏற்கெனவே மண்ணாக்கிவிட்டான். பாவாவுக்குக் கொடுத்த இரண்டாவதையாவது காப்பாற்ற வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஆவணியில் ஒரு கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை கஜபதி, ஆந்திரா பக்கம் கடை வைத்திருப்பவன். மைனாவுக்கு ஜோடனை கட்டி முடித்ததும் பிரபாவதி இரண்டு பஞ்சு உருண்டைகளை உதயாவின் கையில் வைத்தாள்.

"அடைச்சிட்டு கெளம்பு. நான் பின்னாடியே வரேன்."

அவன் குதிரையின் பக்கம் திரும்பினான். காதைத் தொட்டான். உருண்டைகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

மலையடிவாரத்துத் தெருவில் பேண்டு முழங்கியது. முதல் சரம் வெடித்தபோது மைனா நடுங்கியது. உதயா அதன் மூக்கைத் தடவி, "ஒண்ணுமில்ல தாயீ, ஒண்ணுமில்ல" என்று நடத்திக்கொண்டு போனான். வெடி ஓய்ந்த ஒரு நொடியில் மைனாவின் இரண்டு காதுகளும் விறைத்தன. விறைத்து, வானத்தின் இடது மூலைக்குத் திரும்பின.

கல்யாண போட்டோக்காரன் மண்டபத்து மாடியிலிருந்து படம் பிடிக்கும் ட்ரோனைக் கிளப்பியிருந்தான். திருத்தணியில் இப்போது அது இல்லாத கல்யாணமே இல்லை. உதயாவுக்கு அது எதுவும் தெரியவில்லை. அந்தக் காதுகள் மட்டும்தான் தெரிந்தன.

"படுங்க! எல்லாரும் படுங்க!"

கஜபதியின் இடுப்பைப் பிடித்துக் குதிரையிலிருந்து பிடுங்கித் தார்ரோட்டில் அறைந்தான். மாப்பிள்ளையின் காறை எலும்பு முறியும் சத்தம் பேண்டுக்காரர்களுக்கே கேட்டது. உதயா அவன்மேல் குப்புற விழுந்து தலையைத் தன் நெஞ்சுக்குள் அமுக்கிக்கொண்டான். "அசையாதீங்க பாவா, அசையாதீங்க" என்று கத்தினான். மைனா மிரண்டு பாய்ந்தது. பெண் வீட்டார் ஒருவரின் முழங்காலை உதைத்தது, பெரிய டிரம்மைக் கிழித்தது, சீரியல் பல்புகளை இழுத்துக்கொண்டு ஓடியது.

முதல் அடி டியூப்லைட் ஸ்டாண்டால் விழுந்தது. பிறகு செருப்பு, பெல்ட், கிடைத்ததெல்லாம். "குடிச்சிட்டு வந்து மாப்பிள்ளைய சாவடிக்கிறான்டா!" என்றான் ஒருவன். புருவம் பிளந்தது, இரண்டு பற்கள் போயின, விலாவில் யாரோ ஏறி மிதித்தார்கள். அவன் ஒரு அடியையும் தடுக்கவில்லை. கஜபதியை விடவும் இல்லை. நான்கு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள். பிரபாவதி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து அவன்மேல் விழுந்தாள். அவள் முதுகிலும் நாலு அடி விழுந்த பிறகுதான் கூட்டம் ஓய்ந்தது.

குதிரைக் கொட்டகைக்கு அவனை அவளேதான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். மைனா தானாகவே வந்து தண்ணீர்த் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தது. ரத்தத்தைத் துடைக்கச் சட்டையைக் கழற்றினாள். பையிலிருந்து இரண்டு உருண்டைகள் உருண்டு விழுந்தன. அவள் குனிந்து எடுத்தாள்.

"ஏன்டா அடைக்கல?"

அவன் முகத்தை மைனாவின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நீயெல்லாம் குதிரக்காரனா? பஞ்சு வெக்காம வெடிக்கு நடுவுல இட்டுகினு போவியா? சொல்லுடா!"

"அதுக்கு கேக்கணும்கா" என்றான். உடைந்த வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "மனுசனுக்கு மின்னாடி அதுக்குதான் கேக்கும்."

"எது கேக்கும்?"

பிரபாவதி அவனைப் பார்த்தாள். கையிலிருந்த உருண்டைகளைப் பார்த்தாள். மைனாவின் காதுகளைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பிடித்து, கேட்கிற காதைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அங்க வெச்சியா?"

"இல்லக்கா."

"உங்க பாவா குதிரைக்கு வெச்சியாடா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"அப்போ நான் கட்டிக் குடுத்த பஞ்சு எங்க?"

அதற்கு மட்டும் அவன் பதில் தயாரித்து வைத்திருக்கவில்லை. தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவன் கண் அவள் கையிலிருந்த உருண்டைகளுக்குப் போய்த் தாழ்ந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

பிரபாவதி தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். அது பழைய கருங்கல் தொட்டி, விளிம்பு கூர்மையானது. வலது கையைத் தூக்கி அந்த விளிம்பில் ஓங்கி அடித்தாள். பஞ்சு உருட்டுகிற விரல்கள். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தது. மறுபடியும் ஓங்கினாள், மறுபடியும் அடித்தாள். மைனா மிரண்டு பின்வாங்கியது.

"க்கா, வேணாம்கா! வேணாம்கா!"

உடைந்த விலாவோடு உதயா தவழ்ந்துபோனான். அவளைப் பிடித்து நிறுத்தும் தெம்பு அவனிடம் இல்லை. தன் கையைக் கொண்டுபோய்த் தொட்டியின் விளிம்பின் மேல் விரித்து வைத்தான். அடுத்த அடி அவன் கைமேல் விழுந்தது. அதற்கடுத்ததும் அதன் மேலேயே விழுந்தது.